ஆப்ல நம்மள பத்தி எவனாச்சும் தப்பா எழுதிருந்தா எப்பிடி எடுக்க வைக்கது

கருங்கல் பக்கம் எங்க மைனி வீட்டுலயே தச்சு குடுக்காவ, போன கிறிஸ்மஸ் சமயம் ஒரு பிளவுஸ் நாலு நாள் லேட்டாயிட்டு, அந்த கஸ்டமர், யாரு விளிக்கான்னு பேரு காட்டுற காலர் ஆப்ல மைனிக்க நம்பருக்கு ‘ஏமாத்து டெய்லர்’னு பேரு போட்டு, ஒரு ஸ்டாரும் குடுத்துட்டு போயாச்சு. எங்களுக்கு தெரியவே செய்யாது. பிள்ளைக்கு சம்பந்தம் பேச வந்த வீட்டுக்கு மைனி போன் விளிச்சப்போ அவிய ஸ்கிரீன்ல அந்த பேருதான் வந்திருக்கு. மைனி தச்ச துணிய அப்பிடியே மெஷின்ல வச்சுட்டு, செல்போனை என் கையில தந்து “இத அழிச்சுத் தா மக்கா”ன்னாவ. அப்போ நான் படிச்சதத்தான் எழுதுறேன்.

மொதல்ல தேடணும், ஆனா தேடுறதுக்குன்னு அந்த ஆப்ப உங்க போன்ல ஏத்தாதீங்க. கான்டாக்ட் பெர்மிஷன் கேக்கும், அலோ குடுத்தா உங்க போன்ல கெடக்குற ஆசாரி, டாக்டர், பிள்ளைக்க டீச்சர், கல்ஃப்ல இருக்கிற மச்சான்னு எல்லாரும் ஆப்காரனுக்க சர்வர்ல ஏற வாய்ப்பிருக்கு, அவிய யாரும் சம்மதம் சொல்லல. நம்ம பேரும் இப்பிடி யாரோ அலோ குடுத்துதான் அங்க போயிருக்கும். வெப்சைட் இருந்தா பிரவுசர்ல பாருங்க, இல்லன்னா ஏற்கனவே அந்த ஆப் வச்சிருக்கிறவங்க போன்ல பாருங்க. கூகுள்லயும் நம்பர போட்டு ஒருக்கா, பேரும் ஊரும் சேத்து ஒருக்கா தேடுங்க.

செல்ஃபியும் ஐடியும் கேக்குற ஆப்னா இன்னும் சூட்சிக்கணும். அமெரிக்கால ‘டீ’ன்னு ஒரு ஆப், ஆம்பிளைங்கள பத்தி பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தர் எச்சரிக்கை சொல்லத்தான் வந்துது, 2025 ஜூலைல அதுல இருந்து சுமார் 72,000 படம் வெளிய போச்சு, அதுல 13,000 கிட்ட ஆள சரிபாக்க வாங்குன செல்ஃபியும் ஐடியும். பாதுகாப்பு தேடி போனவங்களுக்கே இந்த கதி.

எழுதிருக்கிறத பாத்ததும் கை துடிக்கும், ஆனா அங்கயே பதில் போட்டு சண்டைக்கு நிக்காதீங்க, சண்ட போட போட அத பாக்குற ஆளுதான் கூடும். ரிப்போர்ட் அடிக்கதுக்கு முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுங்க, தேதி, நேரம், லிங்க், எழுதுனவனுக்க ஐடி எல்லாம் தெரியணும், அவன் அழிச்சுட்டா பெறகு கையில ஒண்ணும் இருக்காது.

அடுத்து குறைதீர்ப்பு அதிகாரி, கிரீவன்ஸ் ஆபீசர். 2021 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிப்படி அவருக்க பேரும் தொடர்பு விவரமும் ஆப்லயோ வெப்சைட்லயோ போட்டிருக்கணும், புகார் கெடச்சுதுன்னு 24 மணி நேரத்துல சொல்லணும். மெயில் சின்னதா போதும்: லிங்க், எந்த வரி பொய், என் நம்பரும் படமும் என் சம்மதம் இல்லாம கெடக்கு, எடுங்க. அழுகையும் கோவமும் அதுல வேண்டாம். ஆதார் கேட்டா முழுசா அனுப்பாதீங்க, மாஸ்க்டு ஆதார்னு கடைசி 4 நம்பர் மட்டும் தெரியுறது உண்டு, அரசாங்க ஆதார் சைட்லயே டவுன்லோட் பண்ணலாம்.

அவரு சொன்ன முடிவு சரியில்லன்னா 30 நாளுக்குள்ள ஜிஏசின்னு சொல்லுற மேல்முறையீட்டு குழுவுக்கு ஆன்லைன்லயே போகலாம், இது நெறய பேருக்கு தெரியாது. படத்த மார்ஃப் பண்ணுறது, மிரட்டுறது, பின்னாலயே வாறதுன்னு போனா இவ்வளவு நாள் காத்திருக்காதீங்க, சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போடுங்க, இல்லன்னா நாகர்கோவில்ல சைபர் கிரைம் போலீஸுக்கு நேரா போங்க, ஸ்கிரீன்ஷாட்ட பிரிண்ட் எடுத்துட்டு போறது நல்லது. 1930 பணம் போன கேஸுக்கு உள்ள நம்பர்.

ஒண்ணு சொல்லணும், கடைய பத்தி, வேலைய பத்தி உள்ளத உள்ளபடி எழுதுறதுல தப்பே இல்ல. பிளவுஸ் லேட்டுன்னு எழுதட்டு. ஒரு பொம்பளைக்க வீட்டு நம்பர்ல ஏமாத்துக்காரின்னு ஒட்டி வைக்கது வேற.

உங்க போன்லயே அந்த மாதிரி ஆப் கெடந்தா சும்மா அன்இன்ஸ்டால் பண்ணி புண்ணியமில்ல, ஏறுன கான்டாக்ட் அங்கயேதான் இருக்கும். உள்ள போய் அக்கவுண்ட டெலிட் குடுத்துட்டு அப்புறம் தூக்குங்க. பெறகு செட்டிங்ஸ்ல வேற எந்த ஆப்புக்கெல்லாம் கான்டாக்ட் அலோவாயிருக்குன்னு பாத்து தேவையில்லாதத ஆஃப் பண்ணுங்க.

மைனிக்க நம்பருக்கு போட்டிருந்த அந்த பேர மூணாவது நாள் எடுத்துட்டாவ. ஆனா அந்த கஸ்டமர் போன்ல அதே பேரு சேவாயிருந்தா திரும்ப ஏறலாம், அதனால ஒரு மாசம் கழிச்சு வேற போன்ல இன்னொருக்கா தேடிப் பாருங்க.