கம்பளி குத்துகிறதா? உள்ளங்கையை நம்பி வாங்காதீர்கள்

குன்னூரில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் எனக்குக் குளிரைவிட ஸ்வெட்டர்தான் பெரிய எதிரி. கழுத்தைச் சுற்றிச் சிவந்துவிடும், முழங்கை மடிப்பு சொறிந்து சொறிந்து தடித்துப் போயிருக்கும், வீட்டில் சொன்னால் "எல்லாப் பிள்ளைங்களும் போட்டுக்கிட்டுத்தானே போகுதுங்க, உனக்கு மட்டும் என்ன?" என்று பதில் வரும். கம்பளிப்பூச்சிக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவானுக்கும் என்னுடைய தோல்தான் இருந்திருக்க வேண்டும். இப்போது அதே நான் டிசம்பர் முழுக்கக் கம்பளிதான் போடுகிறேன், அரிப்பு இல்லை. இடையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், குளிர் ஊருக்கு வேலைக்கோ படிக்கவோ கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும். "எனக்குக் கம்பளி அலர்ஜி" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது அலர்ஜியே இல்லை, வெறும் குத்தல். துணியின் மேற்பரப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழை முனைகள் தோலில் குத்துகின்றன. இழை மெல்லியதாக இருந்தால் தோலில் பட்டதும் வளைந்துவிடும், தடியாக இருந்தால் வளையாமல் குத்தும். ஈர்க்குச்சித் துடைப்பத்தையும் பூந்துடைப்பத்தையும் மாற்றி மாற்றிக் கையில் அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் அதுதான். இழையின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு 16 மடங்காகிவிடும், அதனால்தான் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசமே இவ்வளவு பாடுபடுத்துகிறது. பொதுவாக 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள்தான் வில்லன்கள். ஒரு துணியில் அவை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் நிறையப் பேருக்கு உறுத்த ஆரம்பிக்கும். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். முடி வெட்டிக்கொண்டு வந்ததும் காலருக்குள் விழுந்த துணுக்குகள் என்ன பாடுபடுத்தும்!

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? எல்லோரும் செய்யும் தப்பு, துணியை உள்ளங்கையால் தடவிப் பார்த்து "ஆகா, மெத்தென்று இருக்கே" என்று வாங்கிவிடுவது. உள்ளங்கைத் தோல் தடிப்பானது, அந்த மெல்லிய குத்தல் அதற்குச் சரியாகத் தெரியாது. பூனைமுடி இருக்கும் தோலுக்குத்தான் தெரியும். அதனால் கழுத்தின் பக்கவாட்டிலோ முன்கையின் உட்புறத்திலோ துணியை வைத்து, லேசாக அழுத்தி, இரண்டு நிமிடமாவது அப்படியே வைத்திருங்கள். வேகமாகத் தேய்த்துப் பார்ப்பது போதாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஏசி ஓடும் கடையில் உறுத்தாதது வியர்த்த உடம்பில் உறுத்தலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஈரத்தில் ஊறி மிருதுவான தோலில் முனைகள் இன்னும் நன்றாகப் பதியும். மேட்டுப்பாளையத்தில் வெயிலில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறி, பர்லியார் வருவதற்குள் கழற்றி மடியில் வைத்துக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

லேபிளில் "100% கம்பளி" என்று இருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, கார்ப்பெட்டும் 100% கம்பளிதான். பார்க்க வேண்டியது மைக்ரான். மெரினோ என்ற மெல்லிய முடி ஆட்டு ரகத்தின் கம்பளி என்றால் 24-க்குள் வரும், ஆனால் தோலில் நேரடியாகப் படுவதற்கு 18.5-க்குக் கீழே இருப்பது நல்லது, உள்ளாடை விற்கும் கம்பெனிகள் பலவும் இந்த எண்ணைப் போட்டே விற்கின்றன. காஷ்மீர் ஆட்டின் உள்முடி 19-க்குள் இருக்கும், விலையைக் கேட்டால் வேறு விதமாகக் குத்தும். லாம்ப்ஸ்வூல் என்பது குட்டியின் முதல் கத்தரிப்பு. முதல் முடியின் நுனி இயற்கையாகவே கூம்பியிருக்கும், வெட்டுமுனை ஒரு பக்கம்தான், அதனால் கொஞ்சம் சாது. கோட் தைக்கும் துணியில் சூப்பர் 100, சூப்பர் 120 என்று வருவதும் இதே கணக்குதான்: 100 என்றால் 18.75 மைக்ரானுக்குள், அப்புறம் ஒவ்வொரு பத்துக்கும் அரை மைக்ரான் குறையும்.

நூல் நூற்ற விதமும் முக்கியம். குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு, நீள இழைகளை மட்டும் வரிசையாக அடுக்கி நூற்பதற்கு வர்ஸ்டட் என்று பெயர். வழவழவென்று இருக்கும், வெளியே நீட்டும் முனை குறைவு. பஞ்சுபஞ்சாக, மேலே ரோமம் தெரியும் ஸ்வெட்டர் பார்க்கத்தான் மிருது.

நம் ஊர்க் கம்பளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கிடைக்கும் ஆட்டுமுடியில் பெரும்பகுதி கார்ப்பெட் ரகம். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா பண்ணையில் வளர்க்கும் நீலகிரி ஆட்டின் முடி சராசரி 27 மைக்ரான். நல்ல முடிதான், ஆனால் சட்டைக்கு மேல் போட, வெறும் தோலில் அல்ல. ஊட்டியில் வாங்கும் "கம்பளி" ஸ்வெட்டர்களிலோ நிறைய அக்ரிலிக் என்ற செயற்கை இழை. சந்தேகம் இருந்தால் உள்தையலில் ஒரு நூலை உருவி, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுப்பாக, கெட்டி மணி போல ஆகிவிடும். உங்களுக்கு அரித்தது கம்பளியே இல்லை என்று தெரிய வந்தாலும் வரலாம்.

ஏற்கெனவே குத்துகிற ஒன்று அலமாரியில் இருந்தால் உள்ளே முழுக்கை பருத்தி பனியன் போடுங்கள், காலர் வைத்த சட்டை இன்னும் நல்லது, கழுத்துதான் முதலில் புகார் சொல்லும். வி கழுத்து எடுங்கள், கழுத்தை மூடும் மாடல் வேண்டாம். இறுக்கமாகப் போட்டால் முனைகள் அழுந்தும், ஒரு சைஸ் தளர்வு இருக்கட்டும். ஷேவ் செய்த கையோடு மப்ளர் சுற்றாதீர்கள். குளிரில் கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் தோல் வறண்டு எதைப் போட்டாலும் அரிக்கும். வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவி, அது ஊறிய பிறகு உடுத்துங்கள்.

துவைப்பதில்தான் பாதிப் பேர் நல்ல துணியைக் கெடுக்கிறார்கள். கம்பளி நம் முடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். சாதாரண சலவைத்தூளில் பல சமயம் புரதத்தைக் கரைக்கும் என்சைம் இருக்கும், காரத்தன்மையும் அதிகம், இரண்டும் ஆகாது. உல்லனுக்கென்று விற்கும் திரவத்தில், 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் ஊறவைத்து, அழுத்தி அழுத்தி எடுங்கள். குளோரின் பிளீச் பக்கமே போகக் கூடாது. நுரை போகும்வரை அலசுங்கள், தங்கிப்போன சோப்பும் அரிக்கும். கடைசியாக ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் தலைக்குப் போடும் கண்டிஷனர் கலந்து கால் மணி நேரம் வைத்து அலசினால் கொஞ்சம் பணியும். தடி இழை அதனால் மெலிந்துவிடாது, அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் படுக்கவைத்து உலர்த்துங்கள். இதற்கு நாடாக் கட்டிலைப் போல வசதியான சாமான் வேறில்லை, மேலும் கீழும் காற்று போகும்.

கரப்பான் படை உள்ள குழந்தைக்குக் கம்பளியே கூடாது என்பது பழைய அறிவுரை, சொரசொரப்பான கம்பளிக்கு அது இன்றும் சரிதான். ஆனால் மெல்போர்னில் மூன்று வயதுக்குள் உள்ள 39 குழந்தைகளுக்கு ஆறு வாரம் பருத்தி, ஆறு வாரம் மிக மெல்லிய மெரினோ என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் மெரினோ போட்ட வாரங்களில்தான் படை குறைந்திருந்தது. உங்கள் குழந்தைக்கு முயல்வதானால் தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெரியவர்களும் ஒன்றைக் கவனியுங்கள்: கழற்றிய சில நிமிடங்களில் அரிப்பு அடங்கினால் அது குத்தல். ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளமோ நீர்க்கசிவோ வந்தால் சாயமோ, அரிதாக ஆட்டுமுடியில் ஒட்டியிருக்கும் லானோலின் என்ற மெழுகோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்.

குளிர்காலம் முடிந்து எடுத்து வைக்கும்போது அழுக்கோடு வைக்காதீர்கள், அந்துப்பூச்சிக்கு வியர்வைக் கறை என்றால் உயிர். பாச்சை உருண்டை போட்டால் மறுபடி உடுத்துமுன் துவைத்துக் காற்றாட விட வேண்டும். கைக்குழந்தையின் துணிகளுக்கு மட்டும் அதைப் போடவே போடாதீர்கள், ஜி6பிடி என்ற என்சைம் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அந்த நெடியே ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். துவைத்து நன்றாகக் காயவைத்து, ஜிப் வைத்த பையில் போட்டு மூடினாலே போதும்.