சாப்பிட்டதும் வயிறு உப்புதா? காரணத்தை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி

தரமணியில் வேலை பார்த்த நாட்களில் மதியச் சாப்பாடு எனக்குப் பத்து நிமிட வேலை. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சோறும் அதற்குள் உள்ளே போய்விடும். மூன்று மணிக்கு வயிறு மத்தளமாகிவிடும். கீழே கடைக்கு இறங்கி ஒரு கோலி சோடா குடிப்பேன். பெரிய ஏப்பம் ஒன்று வரும், அப்பாடா என்றிருக்கும். அரை மணியில் மறுபடி உப்பிக்கொள்ளும். இப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன். சோடாவில் இருப்பதே கரியமில வாயுதான். வந்த ஏப்பத்தில் பாதி அந்த சோடா கொடுத்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உப்புசத்துக்கு ஒரே காரணம் கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்ட மருந்து நமக்குக் கேட்காமல் போவது அதனால்தான். முதலில் காரணத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குச் சில வாரங்களும் ஒரு நோட்டும் போதும்.

தொடங்கும் முன்

நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இவற்றில் எது வந்தாலும் "வாய்வுப் பிடிப்புதான்" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். மாரடைப்பும் இப்படித்தான் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் பெரிய வலியே இல்லாமல் வெறும் மந்தம் போலத் தெரியும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

படி 1: நோட்டு போடுங்கள்

நான்கு விஷயம் எழுதினால் போதும்: என்ன சாப்பிட்டேன், எத்தனை நிமிடத்தில், எப்போது உப்பியது, காலையில் வயிறு சுத்தமானதா. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: "செவ்வாய். மதியம் 1.10, வெங்காய சாம்பார், உருளை வறுவல், 9 நிமிடம். 1.30-க்கே ஏப்பம். இரவு இட்லி, அப்புறம் ஒரு டம்ளர் பால். 11 மணிக்கு வயிறு கடமுடா."

படி 2: மணியைப் பாருங்கள்

சாப்பிடும்போதே, அல்லது கை கழுவிய கொஞ்ச நேரத்திலேயே உப்பி ஏப்பமாக வந்தால், பெரும்பாலும் நீங்கள் விழுங்கிய காற்றுதான். சில மணி நேரம் கழித்து அடிவயிறு உப்பி, காற்று கீழே பிரிந்தால், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தும் சர்க்கரையும் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மாவு பொங்குகிற அதே வேலைதான், வயிற்றுக்குள் நடக்கிறது. எனக்கு இரண்டுமே இருந்தது.

படி 3: காற்றைக் குறையுங்கள்

இதுதான் சுலபம், செலவும் இல்லை. இருபது நிமிடம் உட்கார்ந்து மென்று சாப்பிடுங்கள். போன் பேசிக்கொண்டே சாப்பிட வேண்டாம். சோடா, கோலா, ஸ்ட்ரா, சூயிங்கம் நான்கையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். என் மதிய ஏப்பம் நான்காம் நாளே பாதியாகிவிட்டது.

படி 4: உணவை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

பாலில் தொடங்குங்கள். நம் ஊரில் பெரியவர்கள் பலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. பத்து நாள் பாலை விடுங்கள். அப்புறம் ஒரு விடுமுறை நாளில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் மட்டும் குடித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கடமுடா, உப்புசம், பேதி வந்தால் விடை கிடைத்துவிட்டது. அதற்காக காபியையே விட வேண்டியதில்லை. 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ்தான், அந்த அளவைப் பலர் தாங்குவார்கள். தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறையும்போதே பாக்டீரியா கொஞ்சம் லாக்டோஸைத் தின்றுவிடுகிறது. என் இரவுத் தொல்லை அந்த ஒரு டம்ளர் பால்தான். காலை ஃபில்டர் காபி இன்றும் தொடர்கிறது.

அடுத்து பருப்பு வகை. கொண்டைக்கடலை, ராஜ்மா, காராமணியில் ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. ராத்திரி ஊறப்போட்ட கடலையைக் காலையில் பாருங்கள், தண்ணீர் மஞ்சளாகி மேலே நுரை கட்டியிருக்கும். அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு அதில்தான் இறங்கியிருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் குழைய வேக வையுங்கள். சத்து போய்விடும் என்று அம்மா தடுத்தார்கள். கொஞ்சம் போகும்தான், ஆனால் சுண்டலையே ஒதுக்குவதற்கு இது மேல். முதலில் ஒரு கைப்பிடி மட்டும் சாப்பிட்டு, மெல்லக் கூட்டுங்கள்.

மூன்றாவது வெங்காயமும் பூண்டும். இவற்றில் ஃப்ரக்டான் என்ற சத்து இருக்கிறது, அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே சாம்பாரில் கொதித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாலும் ஃப்ரக்டான் குழம்பில் இருக்கும். பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் வாசனை கிடைக்கும், தொல்லை இருக்காது. இரண்டு வாரம் வெங்காயம் இல்லாமல் பெருங்காயத்தை வைத்துச் சமைத்துப் பாருங்கள். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஒவ்வாதவர்கள் பாக்கெட்டின் பின்பக்கம் படித்து வாங்குங்கள்.

படி 5: மலச்சிக்கலும் மாத்திரைகளும்

நோட்டில் "காலையில் போகவில்லை" என்று அடிக்கடி வந்தால், மற்ற எதையும்விட முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தண்ணீர், காய்கறி, நடை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், அகார்போஸ், வோக்லிபோஸ் போன்ற மாத்திரைகளும் வயிற்றை உப்ப வைக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ வகையையோ மாற்றிக் கொடுப்பார்.

படி 6: உப்பிய பிறகு

படுக்காதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். வெயில் நேரத்தில் மாடி வராந்தாவே போதும். ஓமம், சீரகம், இஞ்சி போட்டுக் கொதித்த தண்ணீர் இதமாக இருக்கும், ஆனால் காரணத்தை மாற்றாது. பொங்கி வரும் பழ உப்புப் பொடியில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தினமும் குடிக்கக் கூடாது. மெடிக்கலில் கேட்டதும் கொடுக்கும் பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை, காற்றைக் குறைக்கிற மாத்திரை இல்லை.

எப்போது மருத்துவரிடம்?

காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம் அல்லது கறுப்பு நிறம், விடாத வாந்தி, விழுங்கச் சிரமம், மஞ்சள் காமாலை, தூக்கத்தில் எழுப்பும் வலி: இதில் ஒன்று இருந்தாலும் நோட்டு வேண்டாம், நேரே போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக உப்புசம் தொடங்கினாலும் அப்படியே. பெண்களுக்கு இன்னொன்று: வாரக்கணக்கில் தினமும் உப்பி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து, அடிக்கடி சிறுநீர் வந்தால் சினைப்பையை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சினைப்பைப் புற்றுநோயின் தொடக்கம் இப்படித் தெரியலாம்.

அந்த ஆபத்துகள் எதுவும் இல்லாமல், இந்தச் சோதனைகளிலும் விடை கிடைக்காவிட்டால் வயிறு, குடல் மருத்துவரைப் பாருங்கள். சென்னையில் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். கையில் அந்த நோட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.