வலையில் விமானத் தகடு ஏறினால் குழுவினரின் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி

இழுவலையில் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு ஏறினால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் புழல் ஏரியிலிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் 240ஆம் ஸ்குவாட்ரனின் (படைப்பிரிவின்) கேட்டலினா நீர்விமானங்களும், இலங்கையிலிருந்து 160ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களும் இந்தக் கடலூர், புதுச்சேரிக் கடல் பக்கம் பறந்தன. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து உளுந்தூர்பேட்டையிலும் ஓடுதளம் இருந்தது. ஒரு லிபரேட்டரில் எட்டுப் பேர், சில நேரம் அதற்கு மேலும் போவார்கள். அது விழுந்த இடம் அவர்களுடைய கல்லறை. தகட்டைத் தொடும்போது அந்த நினைப்பு இருக்கட்டும்.

வலை மாட்டிய இடத்தைப் படகிலேயே ஜி.பி.எஸ்.ஸில் பதியுங்கள். கடலூர் துறைமுகத்துக்கோ புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கோ வந்த பிறகு நினைவிலிருந்து சொன்னால் பயனில்லை. ஆழம் எத்தனை பாகம், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம், வலை எவ்வளவு நேரம் இழுபட்டது என்பதையும் எழுதுங்கள். இரண்டு மணி நேரம் இழுத்த வலையென்றால் அந்த வழியில் எங்கு வேண்டுமானாலும் தகடு ஏறியிருக்கலாம். ஜி.பி.எஸ். 11.45 பாகை (டிகிரி) என்று தசமத்தில் காட்டினால் அது 11 பாகை 27 கலை (நிமிடம்). அதை 11 பாகை 45 கலை என்று படித்தால் இடம் 18 கடல் மைல் தள்ளிப்போகும். போர்க்கால ஆவணங்களில் பாகையும் கலையும்தான் இருக்கும் என்பதால் இந்தத் தவறு எளிதில் நேரும்.

கனமான உருளையோ தோட்டாப் பட்டையோ வந்தால் தொடவே கூடாது. 80 ஆண்டு கடலில் கிடந்தாலும் வெடிமருந்து வெடிக்கும். கடலோரக் காவல்படையின் 1554க்குச் சொல்லுங்கள். எலும்பு தென்பட்டால் முதலில் காவல் நிலையம், மற்றதெல்லாம் பிறகு.

தகட்டை வெயிலில் காயவைக்காதீர்கள். உப்பு ஊறிய அலுமினியம் காய்ந்தால் வெள்ளைப் பொடியாக உதிரும். பிளாஸ்டிக் தொட்டியில் நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, முதல் வாரம் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பக்கத்தில் இரும்பு வேண்டாம். உப்புநீரில் இரண்டும் ஒட்டிக் கிடந்தால் அரிபடுவது அலுமினியம்தான். கம்பி பிரஷ், சுண்ணாம்பு, சோடா, ஆசிட் எதுவும் கூடாது. நாம் தேடும் எழுத்து மெல்லிய பெயிண்டில் இருக்கலாம், ஒரு தேய்ப்பில் போய்விடும். ஈரத் தகட்டில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் படமெடுத்தால் மங்கிய முத்திரையும் தெரியும்.

அடுத்தது அடையாளம். தகட்டில் '24எஸ்டி' (24ST) என்று அச்சிருந்தால் அமெரிக்க அலுமினியம். கிரீடத்தின் கீழ் 'ஏ.எம்.' என்றிருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சக முத்திரை. உதிரிபாக எண் 32இல் தொடங்கினால் லிபரேட்டரையும், 28இல் தொடங்கினால் கேட்டலினாவையும் நினைக்கலாம். உள்சட்டம் கூடைப் பின்னல்போல் இருந்தால் வெலிங்டன் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். பலர் சறுக்குவது எஞ்சினில்தான். பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 என்ற 14 சிலிண்டர் எஞ்சின் லிபரேட்டரிலும் உண்டு, கேட்டலினாவிலும் டகோட்டா என்ற சரக்கு விமானத்திலும் உண்டு. எஞ்சினோடு டர்போவும் (எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தும் கருவி) இருந்தால் லிபரேட்டர் என்று சொல்ல இடமுண்டு. இவையெல்லாம் விமானத்தின் வகையைத்தான் சொல்லும். எந்த விமானம் என்று சொல்ல இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் கொண்ட பிரிட்டிஷ் விமான எண் வேண்டும்.

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' (AIR 27) வரிசை ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்பு. அதில் படிவம் 540 நாள்வாரிச் சுருக்கம். படிவம் 541இல் விமான எண், குழுவினர் பெயர், கிளம்பிய நேரம் இருக்கும். 541ஐ முதலில் பாருங்கள். தேதியில் கவனம் தேவை. இரவில் கிளம்பி விடியலில் காணாமல் போன விமானத்துக்கு நாட்குறிப்பில் ஒரு தேதி, கல்லறைப் பதிவில் மறுதேதி இருக்கலாம். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னே ஓடியது, இன்றுபோல் ஐந்தரை அல்ல. ஆகவே முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துத் தேடுங்கள்.

விமானம் திரும்பவில்லை என்றால் எல்லோரும் அன்றே இறந்தார்கள் என்றும் பொருளில்லை. 159ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர் ஒன்று 1945 ஜனவரி 31 அன்று பர்மாக் காட்டில் விழுந்தது. அதன் வயர்லெஸ் ஆபரேட்டர் ஸ்டான்லி உட்பிரிட்ஜ் ஜப்பானியரிடம் சிக்கி, சித்திரவதைக்குப் பின் பிப்ரவரி 7 அன்று கொல்லப்பட்டார். 1948இல் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது அறிவிக்கப்பட்டது. விழுந்த தேதியை மட்டும் வைத்துத் தேடினால் அவர் பெயர் கிடைக்காது.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் தேதியையும் ஸ்குவாட்ரனையும் கொடுங்கள். உடல் கிடைக்காத விமானப் படையினர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் இருப்பார்கள். வந்த பெயர்களை 541இல் உள்ள குழுவோடு எண்ணிப் பாருங்கள். பதினாறு வந்தால் அன்று இரண்டு விமானம் போயிருக்கலாம். ஒருவர் குறைந்தால் அவர் உடல் கரை ஒதுங்கியிருக்கலாம், அல்லது உயிர் பிழைத்திருக்கலாம். தென்னிந்தியாவின் பல ஊர்க் கல்லறைகளிலிருந்து போர்க்கால உடல்களைச் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு மாற்றினார்கள். அதனால் உள்ளூர் மாதா கோயில் கல்லறையில் தேடி ஏமாறுவதைவிட நந்தம்பாக்கத்துப் பதிவைப் பார்ப்பது மேல்.

ஒவ்வொரு பெயரோடும் படை எண்ணையும் எழுதுங்கள். ஒரே பெயரில் பலர் உண்டு. விமான எண் உறுதியாகாமல் வகையும் தேதியும் மட்டும் பொருந்தும் நிலையில் எந்தக் குடும்பத்துக்கும் கடிதம் போடாதீர்கள்.