பைத்தான் நிரலின் நடைச் சரிபார்ப்பைத் தானியங்கியாக்குவது எப்படி?

பலர் சேர்ந்து எழுதும் பைத்தான் நிரலில் ஒருவர் ஒற்றை மேற்கோள்குறி இடுவார், மற்றவர் இரட்டை இடுவார். நிரலைச் சீராய்பவரோ தர்க்கப் பிழையைத் தேடுவதை விட்டுவிட்டு வெற்றிடங்களை எண்ணிக்கொண்டிருப்பார். 2001இல் எழுதப்பட்ட, பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 ஆவணம் வரிக்கு 79 எழுத்து, உள்தள்ளலுக்கு 4 வெற்றிடம் என்று வகுத்துத் தந்திருந்தாலும், அதைக் கடைப்பிடிக்கச் செய்யும் வேலையை மனிதர்களிடம் விடுவது நட்புக்கும் நல்லதல்ல.

முன்பு வடிவமைப்புக்கு பிளாக், பிழை காட்ட ஃபிளேக்8, இம்போர்ட் வரிகளை அடுக்க ஐசார்ட் என்று மூன்று கருவிகளை நிறுவ வேண்டியிருந்தது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஃப் இவற்றின் வேலைகளில் பெரும்பகுதியைத் தானே செய்துவிடுகிறது. மாற்றங்களைக் கிட் என்ற பதிப்புக் கருவியில் பதியும் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டினாலும் காத்திருப்பு தெரியாத அளவுக்கு வேகமானது. அதில் இரண்டு கட்டளைகள் உண்டு: 'ரஃப் ஃபார்மேட்' நிரலின் தோற்றத்தை மட்டும் மாற்றும், 'ரஃப் செக்' பயன்படாத இம்போர்ட், வரையறுக்கப்படாத பெயர் போன்ற குறைகளைக் காட்டும்.

அமைப்புகளை, திட்டத்தின் அமைப்புக் கோப்பான பைப்ராஜெக்ட் டாம்லில் (pyproject.toml) எழுதுங்கள். வரி நீளத்துக்கு பிளாக் வழக்கப்படுத்திய 88 என்ற எண்ணே ரஃப்பின் இயல்புநிலையும் ஆகும். அதை மாற்றப் பெரும்பாலும் காரணம் இருக்காது. விதிகளை மட்டும் இயல்புநிலைக்கு விடாமல் நீங்களே பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் பயன்படாத இம்போர்ட்டைப் பிடிக்கும் எஃப் தொகுதியும், இம்போர்ட்டுகளை வரிசைப்படுத்தும் ஐ தொகுதியும் போதும். எல்லா விதிகளையும் முதல் நாளே இயக்கினால் எச்சரிக்கைகள் குவியும், பிறகு எவரும் அவற்றைப் படிக்கமாட்டார்கள்.

பழைய நிரலை மாற்றும் இடத்தில்தான் நிதானம் தேவை. முதன்மை நிரலோடு இன்னும் சேராமல் நிலுவையில் உள்ள கிளைகளை முதலில் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவை ஒவ்வொன்றிலும் முரண்களைத் தீர்த்து மாளாது. பின்னர் முழுக் களஞ்சியத்தையும், அதாவது திட்டத்தின் எல்லா நிரல் கோப்புகளையும், ஒரே கமிட்டில் வடிவமைத்து, அதில் வேறெந்தத் திருத்தத்தையும் சேர்க்காதீர்கள். இவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் பிறகு ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யாரென்று சொல்லும் 'கிட் பிளேம்' கட்டளை, மாறிய ஒவ்வொரு வரிக்கும் வடிவமைத்தவரையே ஆசிரியராகக் காட்டும் என்பதால், அந்தக் கமிட்டின் 40 எழுத்து அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதி, அதைப் புறக்கணிக்குமாறு கிட்டுக்குச் சொல்ல வேண்டும். இந்த வசதி கிட் 2.23 பதிப்பிலிருந்து உள்ளது.

அடுத்தது, ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் சோதனைகளைத் தானே ஓட்டும் பிரீ-கமிட் கருவி. அதன் யாம்ல் வடிவ அமைப்புக் கோப்பில் ரஃப்பின் பதிப்பு எண்ணைத் துல்லியமாகக் குறித்து, தானே திருத்தும் 'ஃபிக்ஸ்' விருப்பத்துடன் சரிபார்ப்பை முதலிலும் வடிவமைப்பை அதற்குப் பின்னும் வையுங்கள். திருத்தம் நீக்கிய வரிகள் விட்டுச்சென்ற ஒழுங்கின்மையை வடிவமைப்பு சரிசெய்துவிடும். இப்படிச் சோதனைகளைத் தூண்டிவிடும் கிட்டின் கொக்கிகள் களஞ்சியத்தோடு நகலாகி வருவதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் கணினியில் 'பிரீ-கமிட் இன்ஸ்டால்' கட்டளையை ஒருமுறை ஓட்டியாக வேண்டும். கருவி கோப்பைத் திருத்தினால் கமிட் நின்றுவிடும். புதியவர்கள் இதைப் பிழையென்று எண்ணிக் கலங்குவதுண்டு, மாற்றத்தைப் பார்த்து மீண்டும் 'கிட் ஆட்' செய்து கமிட் செய்தால் போதும்.

ஆனால் கமிட் கட்டளையோடு 'நோ-வெரிஃபை' என்று சேர்த்தால் எவரும் இந்தச் சோதனையைத் தாண்டிவிடலாம். உண்மையான காவல், மாற்றம் வரும்போதெல்லாம் சோதனைகளை ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற தொடர் ஒருங்கிணைப்புச் சேவையகத்தில்தான் இருக்க வேண்டும். அங்கும் பிரீ-கமிட்டையே எல்லாக் கோப்புகளின் மீதும் ஓட்டினால், கணினியிலும் சேவையகத்திலும் ஒரே பதிப்பு இயங்கும். "என் கணினியில் சரியாகத்தானே இருந்தது" என்ற வாதத்துக்கு இடமிருக்காது. இந்தச் சோதனை தேறாமல் முதன்மைக் கிளையில் எதுவும் இணையக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் களஞ்சியத்தின் அமைப்பில் இடுங்கள்.

விதியை மீற நியாயமான காரணம் இருக்கும் வரியில் குறை காட்ட வேண்டாம் என்று கருவிக்குச் சொல்லும் 'நோகியூஏ' குறிப்பை விதியின் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். எண் இல்லாத குறிப்பு அந்த வரியின் எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும். தேவை தீர்ந்தபின் மறந்துபோய் விட்டுவைத்த குறிப்புகளைக் கண்டுபிடிக்க ரஃப்பிலேயே ஆர்யூஎஃப்100 என்ற விதி இருக்கிறது.