பசுவுக்கு மூச்சு இரைக்கிறதா? வெயிலா, உண்ணிக் காய்ச்சலா?

வேலூரில் கத்திரி பிறந்துவிட்டால் குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் தகரக் கொட்டகையில் நிற்கும் கலப்பின மாடுகள் மதியத்தில் வாயைத் திறந்து இரைக்க ஆரம்பிக்கும். வெயில் தாக்கினாலும் அப்படித்தான், உண்ணி கடித்துப் பரவும் கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சலிலும் அப்படித்தான். இரண்டிலும் உடம்பு கொதிக்கும், பால் குறையும். நோயை முடிவு செய்வது டாக்டர். அவர் வருவதற்குள் நீங்கள் எடுத்து வைக்கும் அளவுகள் அவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

மாட்டை நிழலில் கட்டி, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். சாதாரணமாக 30-க்குள் இருக்கும். 60-ஐத் தாண்டினால் மாடு திணறுகிறது. அடுத்து, டிஜிட்டல் தெர்மாமீட்டரில் எண்ணெய் தடவி ஆசனவாயில் விட்டு, முனை குடல் சுவரில் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். சாணத்துக்குள் செருகினால் அளவு தப்பும். 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. அளவை நேரத்தோடு குறித்து வையுங்கள்.

பிறகு கழுத்திலிருந்து முதுகு வரை தோல் நனையத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை திரும்ப ஊற்றுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்துவது பலர் செய்வது, ஆனால் சூடு உள்ளேயே தங்கிவிடும். குடிக்கத் தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தால் வெயில் தாக்கிய மாட்டுக்குச் சூடு இறங்கியிருக்கும். 104-க்குக் கீழே வரவில்லையென்றால் காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். காதுக்குள்ளும் வாலடியிலும் மடியிலும் உண்ணி தேடுங்கள். கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா, தோள் முன்னால் கட்டி வீங்கியிருக்கிறதா, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறதா என்றும் பாருங்கள். தள்ளாடினாலோ படுத்துவிட்டாலோ மறு அளவுக்குக் காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள்.

மருந்துக்கடையில் வாங்கிய ஊசியை முதலில் போட்டுவிடுவதுதான் பெரிய தவறு. காய்ச்சல் ஊசி சூட்டை மறைக்கும். ஆன்டிபயாடிக் போட்டபின் காது நரம்பில் எடுக்கும் ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமி தென்படாமல் போகலாம். நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடுக்கு ரத்தம் எடுத்த பிறகே ஊசி போடச் சொல்லுங்கள். கால்நடைக்கான வலி மருந்து டைக்ளோபினாக் 2006-லேயே தடை செய்யப்பட்டது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உண்ணி மருந்தை டாக்டர் சொன்ன அளவில் கலந்து, மாடு வயிறாரத் தண்ணீர் குடித்த பின் சாயங்காலம் அடியுங்கள். தாகத்தில் இருந்தால் உடம்பை நக்கிவிடும். கொட்டகைச் சுவர் வெடிப்புகளிலும் அடிக்க வேண்டும், உண்ணி முட்டையிடுவது அங்கேதான். சிகிச்சைக்குப் பின் எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.