ஆற்றல் ஓட்டப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கை அமைப்பு ஒன்றில் ஆற்றல் எங்கிருந்து எங்கே பாய்கிறது என்று வரைந்து காட்ட, அமெரிக்கச் சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் வகுத்த ஆற்றல் குறியீடுகளைப் புதிதாகக் கற்பவர்களின் படங்களை ஆண்டுதோறும் திருத்துகிறேன். வட்டம் ஆற்றல் மூலம், தொட்டி சேமிப்பு, தோட்டா வடிவம் தாவரம், அறுகோணம் நுகர்வோர். இதில் யாரும் குழம்புவதில்லை. சறுக்கும் இடம் வேறு.

வெப்ப வடிகாலை விட்டுவிடுதல்

மின்சுற்றுப் படத்தின் எர்த் குறி போலக் கீழே இறங்கும் அம்பு அது. வேலை நடக்கும் எந்த இடத்திலும் ஆற்றலில் ஒரு பங்கு மறுபடி பயன்படாத வெப்பமாகச் சிதறியே தீரும். படம் அடைசலாகிறது என்று இதைத்தான் முதலில் அழிக்கிறார்கள். இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற நீரூற்றைப் பற்றி 1957-இல் ஓடம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு, ஆண்டுக்குத் தாவரங்கள் ஈட்டியது 20,810 கிலோகலோரி. அதில் 11,977 அவற்றின் சுவாசத்திலேயே போயிற்று; மிஞ்சியது 8,833.

இந்தப் படத்தை வடிகாலே இல்லாமல் வரைந்த ஒரு மாணவர், துண்டு விழுந்த 11,977-ஐச் சிதைப்பவைகள் (இறந்தவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள்) பக்கம் தள்ளிவிட்டார். உண்மையில் அங்கே போய்ச் சேர்வது 5,060தான். கூட்டல் நேரானதால் படமும் சரி என்று நம்பிவிட்டார். படத்தைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டினால் சிதைப்பவைகளின் தொட்டி ஏறிக்கொண்டே போகிறது, நிற்கவில்லை. பல வாரம் சமன்பாடுகளில் குறை தேடினார். குறை படத்தில் இருந்தது.

முழு ஊற்றுக்கும் பாருங்கள்: உற்பத்தியோடு வெளியிலிருந்து வந்த 486-ஐச் சேர்த்தால் வரவு 21,296. நீரோடு வெளியேறியது 2,500. மீதி 18,796-உம் சுவாச வெப்பம். அழித்துவிட்ட அந்தச் சின்ன அம்பு வழியாகத்தான் அவ்வளவும் போகிறது!

தொட்டிகளுக்கும் வடிகால் போடுங்கள். சும்மா கிடக்கும் கட்டையும் மட்கும்.

வடிகாலில் பாஸ்பரஸை இறக்குதல்

கூடாது. அங்கே இறங்குவது வெப்பம் மட்டும்.

அலகு எழுதாமை

எழுதுங்கள்.

மூலங்களைக் கண்ட இடத்தில் வைத்தல்

சூரியன் இடது ஓரத்தில். செறிந்த ஆற்றலாக ஆக ஆக வலப்பக்கம். எரிபொருளும் மனித உழைப்பும் அந்தப் பக்கம்தான்.

பெருக்கலைக் கூட்டலாக வரைதல்

ஒளியும் பாஸ்பரஸும் சேர்ந்துதான் பாசி வளரும். இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்துவிட்டால் அது கூட்டல். இரண்டையும் பெருக்குவதைக் காட்டும், கூர்முனை கொண்ட ஊடுவினைக் குறிக்குள் அவற்றைச் செலுத்துங்கள். சரிபார்க்க பாஸ்பரஸைச் சுழியாக்கி ஓட்டுங்கள். பாசி இன்னும் வளர்ந்தால் அந்தக் கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள்.