மார்கழியில் பங்களாக் கொலைக் கதை படிப்பது எப்படி

மார்கழியில் யாரும் மனை வாங்கமாட்டார்கள். பேச்சு முடித்து அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் பத்திரம் தை பிறந்துதான். ராயபுரத்தில் பத்திரம் எழுதிப் பிழைக்கிற எனக்கு வருடத்தில் இந்த ஒரு மாதம் மத்தியானத்துக்கு மேல் கை காலி. அப்போது நான் எடுப்பது இங்கிலாந்துக் கிராமத்து மாளிகைகளில் நடக்கிற பழைய கொலைக் கதைகளை. வெளியே பனி கொட்டும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே வீட்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள். லைப்ரரியில் ஒரு பிணம் கிடக்கும். வெட்டுக்குத்து, துரத்தல் எல்லாம் கம்மி. யார் எங்கே இருந்தார், யாருக்கு என்ன கிடைக்கும் என்கிற விசாரணைதான் கதையே. ஆசையாக வாங்கிப்போனவர்கள் பலர், "ஒரு பேரும் மனசுல நிக்கலண்ணா" என்று இருபதாம் பக்கத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்.

பெயரை மனப்பாடம் பண்ணாதீர்கள், பங்கை எழுதுங்கள். பத்திர ஆபீசில் ஒரு குடும்பம் வந்து நின்றால் நான் முதலில் கேட்பது பெரியவருக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்கு எது என்றுதான். இந்தக் கதைகளுக்கும் அதே கேள்வி போதும். தப்பாகப்போன ஜெராக்ஸ் தாளைத் திருப்பிப்போட்டு மூன்று கட்டம் கிழியுங்கள். ஆள், பெரியவருக்கு என்ன உறவு, அவர் இன்றைக்கே செத்தால் இந்த ஆளுக்கு என்ன வரும். மூன்றாவது கட்டம் முக்கால்வாசி நேரம் காலியாகவே இருக்கும். அதை நிரப்பத்தான் மிச்சப் புத்தகம்.

"நாளைக்குக் காலையில் வக்கீலை வரச்சொல்லியிருக்கேன்" என்று பெரியவர் சாப்பாட்டு மேசையில் சொன்னால் உயிலை மாற்றப்போகிறார் என்று அர்த்தம், அவருக்கு அன்றைக்கு ராத்திரியோடு சரி. அந்த இடத்தில் பக்கத்து ஓரத்தை மடித்துவைத்து, அப்போது மேசையில் யார் யார் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சொன்னது காதில் விழாத ஆளுக்கு அந்த ராத்திரி அவசரம் இருக்க முடியாது.

உயில் சம்பந்தமாக அந்த ஊர்ச் சட்டம் கொஞ்சம் தெரிந்திருந்தால் கதை நன்றாகப் பிடிபடும். 1837ஆம் வருட இங்கிலாந்து உயில் சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் மனைவிக்கோ கணவருக்கோ அந்த உயிலில் எழுதின சொத்து செல்லாது. தோட்டக்காரரையும் சமையல்காரியையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள் என்று ஒரு வரி வந்தால் இதுதான் அர்த்தம்: அந்த உயிலால் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பைசா வராது. அந்த உயிலுக்காக அவர்கள் கொலை செய்திருக்க மாட்டார்கள்.

கல்யாணத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே கல்யாணம் ஆனால் அதற்கு முன்னே எழுதின உயில் பொதுவாக ரத்து. நம் ஊரில் இந்துக்களுக்கு அப்படி இல்லை. 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலேயே அதற்கு விலக்கு உண்டு. அதனால் நம் ஆட்கள் இந்த இடத்தில் கோட்டைவிடுவார்கள். அறுபது வயசுப் பணக்காரர் டைப்பிஸ்ட் பெண்ணை ரகசியமாகக் கட்டிக்கொண்டார் என்று வந்தால் நாம் அதைக் குடும்பச் சண்டையாகப் படிக்கிறோம். அங்கே மொத்த உயிலும் குப்பைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, 'மிச்சம் மீதி எல்லாம் இன்னாருக்கு' என்கிற கடைசி ஷரத்து. இருநூறு பவுண்டு எழுதிவைத்த பழைய வேலைக்காரி, ஐந்நூறு எழுதிவைத்த அக்கா மகன் என்று வரிசையாக வரும்போது வாசகர் கண் அந்தப் பெயர்களிலேயே ஓடும். கடைசி ஷரத்தில் இருக்கிறவர்தான் கனமான ஆள். முன்னே பெயர் வந்தவர் பெரியவருக்கு முந்திச் செத்தால் அந்தப் பங்கு சாதாரணமாக மிச்சத்தில்தான் போய்ச் சேரும். கொலை செய்தவருக்குச் செத்தவர் சொத்து கிடையாது என்பது இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். ஆகவே கொலைகாரன் தப்பித்தால் மட்டும்தான் காசு. தன் பழியை இன்னொரு வாரிசு தலையில் கட்டிவிட்டால், அந்தப் பங்கும் சுற்றி வர வழி உண்டு. போலீஸ் அரெஸ்ட் பண்ணின ஆளுடைய பங்கு அடுத்து யாருக்குப் போகும் என்று உங்கள் தாளில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

வீட்டு வேலைக்காரர்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். எனக்குப் பக்கத்து மேசையில் ஜாப் டைப்பிங் செய்கிற பெண்ணிடம் ஒரு புத்தகம் கொடுத்திருந்தேன். அவள் அம்மா அண்ணா நகரில் வீட்டு வேலைக்குப் போகிறவர். நாலு நாளில் வந்து கேட்டாள்: "ஏண்ணா, அவ்ளோ பெரிய வூட்ல பெல் அடிச்சா எங்கம்மா மாதிரி ஒரே ஆளா ஓடும்?" சரியான கேள்வி. ஒரே ஆள் இல்லை. வாசல் கதவும் ஒயினும் வெள்ளிப் பாத்திரமும் பட்லர் பொறுப்பு. சாவிக்கொத்து ஹவுஸ்கீப்பரிடம். விடியும் முன்னே ஒவ்வொரு அறையாகப் போய்க் கணப்பில் சாம்பல் அள்ளி நெருப்பு மூட்டுவது ஹவுஸ்மெய்ட். பிணத்தை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவள்தான், அந்தக் கணப்பில் பாதி எரிந்த காகிதம் கிடந்ததைச் சொல்வதும் அவள்தான். அவர்களுக்கென்று பின்பக்கம் தனி மாடிப்படி உண்டு. மேலே இருந்து சமையலறை வரை எஜமானர் கண்ணில் படாமல் வந்து போகலாம். பெரிய வீடுகளில் சமையலறைப் பக்கம் ஒரு பலகையில் வரிசையாக மணிகள் தொங்கும், கீழே அறைப் பெயர் எழுதியிருக்கும். எந்த அறையிலிருந்து அழைப்பு வந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

சாப்பாட்டு நேரம் தெரியாவிட்டால் கதை நேரமும் குழம்பும். சாயங்காலம் டீ. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னே ஒரு காண்டாமணி அடிப்பார்கள். அது உடை மாற்றப் போகச்சொல்லி. அந்த அரை மணி நேரம் வீட்டில் எல்லோரும் தனித்தனி அறையில், கதவு சாத்தி. சாட்சியே கிடையாது. எழுத்தாளர்களுக்கு இதைவிட வசதியான நேரம் எது? டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்னேயே சூரியன் மறைந்துவிடும், காலையில் எட்டு மணிக்குத்தான் வரும். நமக்கு சாயங்காலம் ஐந்தரைக்குக்கூட காசிமேட்டில் படகு எண்ணலாம். ஆகவே, "நாலரைக்குத் தோட்டத்தில் அவரைப் பார்த்தேன், முகம் தெளிவாகத் தெரிந்தது" என்று ஒருவர் சொன்னால் உடனே ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

பனிக்கும் கணக்கு உண்டு. எத்தனை மணிக்கு நின்றது என்பதுதான் விஷயம். நின்ற பிறகு காலடித்தடம் இல்லையென்றால் ஆள் வெளியே இருந்து வரவில்லை.

சந்தேகம் வந்ததும் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிக்கிறவர்கள் அநேகம். எங்கள் பக்கத்துக் கேரமில் ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, ஃபாலோ விழ வேண்டும். காரணம் இருக்கிற ஆளுக்குச் சந்தர்ப்பமும் இருந்ததா என்று உங்கள் தாளில் சரி பார்த்த பிறகு பேசுங்கள். துப்பு எல்லாவற்றையும் வாசகர் கண் முன்னே வைத்துவிட வேண்டும் என்று இந்த எழுத்தாளர்கள் தங்களுக்குள் விதியே வைத்திருந்தார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்கிற பாதிரியார் 1929இல் பத்துக் கட்டளை எழுதினார். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்பது அதில் ஒன்று. எனவே நிலவறை மேல் நிலவறையாகத் திறந்துகொண்டே போகுமோ என்று கவலைப்பட வேண்டாம்.

எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது? என் சிபாரிசு அகதா கிறிஸ்டி 1938இல் வெளியிட்ட 'ஹெர்க்யூல் புவாரோஸ் கிறிஸ்துமஸ்'. உங்கள் கொலைகளில் ரத்தமே இல்லையே என்று அவருடைய அக்கா கணவர் குறைப்பட்டுக்கொண்டதால் எழுதினதாக முதல் பக்கத்திலேயே சொல்லியிருப்பார். டிசம்பர் 22 முதல் 28 வரை நாளுக்கொரு பாகமாக ஏழு பாகம். அதே தேதிகளில் அதே பாகத்தைப் படியுங்கள். விடிகாலையில் கோயில் ஸ்பீக்கரில் அன்றைக்குரிய திருப்பாவை ஒரு பாட்டு. ராத்திரி அன்றைக்குரிய ஒரு பாகம். 24ஆம் தேதி பாகம் நீளம், அன்றைக்குச் சீக்கிரம் உட்காருங்கள். 25ஆம் தேதி எங்கள் தெருவில் கல்கலும் கேக்கும் தட்டு தட்டாக வரும், கடிக்க வேறு எதுவும் தேட வேண்டாம்.

அடுத்து சிரில் ஹேர் எழுதிய 'அன் இங்கிலிஷ் மர்டர்', 1951. எழுதினவர் நிஜத்தில் நீதிபதி. அதில் பழைய காகிதங்களைப் படிக்க மாளிகைக்கு வந்த வெளிநாட்டு அறிஞர் ஒருவர் இருக்கிறார். இங்கிலீஷ்காரர் பழக்கவழக்கம் அவருக்கும் புதுசு என்பதால் நமக்கு வருகிற சந்தேகம் அவருக்கும் வரும். பழைய தஸ்தாவேஜு படிக்கிற ஆள் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம்.

அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. கடைசித் தாள் இருக்கிறதா என்று கடைக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் பார்க்காதீர்கள். முதல் பக்கத்தையும் அவரே புரட்டட்டும். முன்னே படித்த புண்ணியவான் எவனாவது ஆள் பட்டியலில் கொலைகாரன் பெயருக்கு நேரே டிக் போட்டிருப்பான்.

உட்கார ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் தோது. சீரியல் சத்தம் அடங்கியிருக்கும். நம் மார்கழிக் குளிர் இருபது, இருபத்தொரு டிகிரிதான்; ஃபேனை நிறுத்தி, கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து, சுக்குக் காபி போட்டுக்கொண்டால் அதுவே ஜாஸ்தி. புயல் மழையில் படித்தால் பொருத்தமாக இருக்குமே என்று சிலர் சொல்வார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பனியில் மாட்டின மாளிகையில் விறகும் மாவும் சமையல்காரியும் உள்ளேயே இருப்பதால்தான் அவர்களுக்குக் கொலையைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கிறது.

முடித்ததும் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடாதீர்கள். மறுநாளே முதல் ஐம்பது பக்கத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். கொலைகாரர் முதன்முதலில் வாய் திறக்கிற இடத்தைத் தேடி, அவர் பேசினது ஒவ்வொன்றையும் உங்கள் தாளோடு ஒத்துப்பாருங்கள். பொய் என்று நேராகச் சொல்ல முடியாத வாக்கியங்களாகவே இருக்கும்.